கேரட் அழுகிறது

மளிகை ஆப் ஒன்றில் மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் அண்ணாச்சி கடை இருக்கும்போது இது எதற்கு என்று போன ஞாயிற்றுக்கிழமை ரத்து செய்யப் போனேன். திரை முழுக்க ஒரு கேரட். கண்ணில் நீர் முட்டி நிற்கிறது. 'எங்களை விட்டுப் போறீங்களா?' என்கிறது. கீழே பளிச்சென்று பச்சையில் பெரிய பட்டன்: 'இல்லை, இருக்கிறேன்'. அதற்கும் கீழே, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேட வேண்டிய சாம்பல் எழுத்தில்: 'பரவாயில்லை, எனக்குப் பணத்தை மிச்சப்படுத்தப் பிடிக்காது'.

அதைத் தொட்டால் கேரட்டின் கண்ணீர் உருண்டு விழுகிறது. யாரோ மெனக்கெட்டு உட்கார்ந்து அந்த ஒரு சொட்டை அசைய வைத்திருக்கிறார்! அந்த அக்கறையில் பாதியை, அழுகிய தக்காளிக்கு நான் பணம் திருப்பிக் கேட்டபோது காட்டியிருக்கலாம். அந்தப் பக்கத்தில் முகமும் இல்லை, கண்ணீரும் இல்லை. 'கோரிக்கை பெறப்பட்டது', அவ்வளவுதான்.

இப்படிக் கூச்சப்படுத்திச் சம்மதிக்க வைப்பதை, 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. விமான டிக்கெட்டோடு காப்பீடு வேண்டாம் என்பவரை 'நான் பாதுகாப்பில்லாமலே இருக்கிறேன்' என்று சொல்ல வைப்பதை அதில் உதாரணமாகவும் காட்டியிருக்கிறார்கள். கேரட்டுக்கு யாரும் சொல்லவில்லை போல.

சரி, ஒருவழியாக ரத்து செய்தாகிவிட்டது. நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு போன் டிங் என்றது. 'உங்கள் கேரட் இன்னும் தூங்கவில்லை.'