சத்தமே போடாத மோட்டாருக்குக் கெபாசிட்டர் எதற்கு?

பத்து நாள்! காட்பாடியில் மே மாத வெயிலில் பத்து நாள் அம்மாவுக்கு ஷவர் இல்லை. முட்டிவலியோடு குனிந்து தண்ணீர் மொள்ள முடியாது என்பதற்காகத்தான் அந்த ஷவரையே போட்டோம். தொட்டி ஷவருக்கு மேலே ஆறடியில்தான் இருக்கிறது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம். ஆறடிக்கு நூல் மாதிரிதான் விழும். அதனால் அரை எச்.பி. பிரஷர் பம்ப் வைத்தோம். அது ஒருநாள் காலையில் நின்றுபோனது.

பார்க்க வந்த மெக்கானிக் பம்பைத் திறக்கக்கூட இல்லை. "கெபாசிட்டர் சார்" என்றார், மாற்றினார், காசை வாங்கினார். ஓடவில்லை. மோட்டாரைக் கிளப்பிவிடுவதுதான் கெபாசிட்டர். அது போனால் மோட்டார் சுற்ற முடியாமல் 'உம்'மென்று உறுமும். எங்கள் பம்ப் மூச்சே விடவில்லை. சொன்னேன், காதில் வாங்கினால்தானே! அடுத்தவர் "காயில் எரிஞ்சுபோச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார். கருகின வாசனை வந்ததா? டிரிப்பர் விழுந்ததா? மீட்டரையாவது வைத்துப் பார்த்தாரா?

"என்ன தண்ணீர் சார்?" என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? கிணற்றுத் தண்ணீர்! கழுவின பாத்திரம் காய்ந்தால் வெள்ளைத் திட்டு, துவரம்பருப்பு லேசில் வேகாது. வேலூர்ப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? பாலாறு வறண்டு கிடக்கிற கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடும். கிணற்று மோட்டார் வண்டலையும் சேர்த்து இழுத்துத் தொட்டியில் கொட்டும். அங்கிருந்து நேராகப் பம்புக்குள்.

கடைசியில் மெயினை அணைத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். ஷவர் துளைகளில் பாதி சுண்ணாம்பு அடைத்திருந்தது. அப்புறம் ஃப்ளோ ஸ்விட்ச். தண்ணீர் ஓடினால் உள்ளே ஒரு காந்தத் துண்டு எழும்பும், ஸ்விட்ச் சேரும், மோட்டார் ஓடும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தத் துண்டைச் சுற்றி உப்பும் சேறும் துருவும் இறுகிப்போய் அசையவே இல்லை. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து மாட்டினேன். ஓடியது! பத்து நாளாக "இன்னிக்காவது தண்ணி வருமாப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா அரை மணி நேரம் குளித்தார்.

முதலில் பம்ப் வைத்தவர் மேல்தான் இன்னும் அதிகக் கோபம். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வலை ஃபில்டர் கிடையாது. தண்ணீரை அடைக்க ஒரு கேட் வால்வுகூடக் கிடையாது! பம்பைக் கழற்ற ஆயிரம் லிட்டர் தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் மோட்டார் போட்டால் வற்றிவிடுகிற கிணறு சார் இது. பம்ப் நின்றால் நேராகத் தண்ணீர் வர ஒரு பைபாஸ் குழாய் வைத்திருந்தால் அம்மாவுக்கு நூலளவாவது வந்திருக்கும்.

இப்போது மூன்றையும் என் செலவில் போட்டிருக்கிறேன். கெபாசிட்டர் காசைத் திருப்பிக் கேட்டால், "பழசையே வந்து மாட்டிடட்டுமா சார்?" என்கிறார்.