முணுமுணுக்கக்கூட விடாத இசை அருங்காட்சியகம்

போன மாதம் குடும்பத்தோடு வியன்னா போயிருந்தோம். மொசார்ட், பேத்தோவன், ஷூபர்ட் எல்லாரும் வாழ்ந்த ஊர். மகள் நாலு வருடமாக வயலின் கற்றுக்கொள்கிறாள். அவளுக்காகவே ஒரு முழு நாளை அங்கிருக்கும் இசை அருங்காட்சியகம் ஒன்றுக்கு ஒதுக்கினோம். பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன், இன்னும் மனசு ஆறவில்லை.

வாசலிலேயே பையும் தண்ணீர் பாட்டிலும் லாக்கருக்குப் போயின. சரி, நியாயம்தான். பேனா கூடாது, பென்சில்தான். அதுவும் புரிகிறது, மை பட்டால் போச்சு. ஆனால் ஆடியோ கைடு வேண்டுமென்றால் ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். பாஸ்போர்ட் ஹோட்டலில் இருந்தது. நகலைக் காட்டினேன், முன்பணம் கட்டுகிறேன் என்றேன். முடியவே முடியாது. ஆக, ஒரு சுரம்கூடக் காதில் விழாமலே உள்ளே போனோம்.

உள்ளே ஒரு பழைய ஃபோர்ட்டேபியானோ, மொசார்ட் காலத்து வகை. இன்றைய பியானோவுக்குப் பாட்டி. இரும்புச் சட்டம் கிடையாது, உடம்பெல்லாம் மரம். கம்பியைத் தட்டும் சுத்தியல்களுக்குத் தோல் உறை. பெரிய கட்டைகள் கருப்பு, சின்னவை வெள்ளை. காலால் மிதிக்கும் பெடலே இல்லை. அதற்குப் பதிலாக, கட்டைகளுக்கு அடியில், முழங்காலால் மேலே தள்ளுகிற நெம்புகோல்கள்.

“முட்டியால எப்படிப்பா வாசிப்பாங்க?” என்றாள் மகள். நின்றுகொண்டு பார்த்தால் அந்த நெம்புகோல் கண்ணில் படாது. கயிற்றுக்கு இந்தப் பக்கமே குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தாள். அதற்குள் காவலர் வந்துவிட்டார். தரையில் உட்காரக் கூடாதாம்.

அடுத்த அறையில் வயலின்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றவள், இடது கை விரல்களை வலது முன்கையில் வைத்து அழுத்திக்கொண்டே சரளி வரிசையை முணுமுணுத்தாள். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அறையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. மறுபடியும் அதே காவலர், உதட்டில் விரல். குழந்தை இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டாள். அப்புறம் வெளியே வரும்வரை அவள் எதையும் கேட்கவே இல்லை.

தொடாதே என்றால் ஏற்றுக்கொள்கிறேன். விரல் வியர்வை மரத்துக்கும் கம்பிக்கும் ஆகாது. காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கினாலே பழைய மரம் விரிசல் விடும். வெளிச்சம் கூடினால் சாயம் வெளுக்கும். இதற்கெல்லாம் எவ்வளவு கெடுபிடி வைத்தாலும் சரி. ஒரு குழந்தை குனிந்து பார்த்ததால் எந்தக் கருவிக்கு என்ன ஆகிவிடும்?

அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் 2010இல் திறந்த இசைக்கருவி அருங்காட்சியகத்தில், ஒரு கருவிக்குப் பக்கத்தில் போனாலே அதன் இசை ஹெட்செட்டில் கேட்கும். பார்வையாளர்கள் தட்டவும் மீட்டவும் தனியாக ஒரு கூடமே உண்டு. இத்தாலியின் பழைய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த கருவிகள், வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு 1930களில் நன்கொடையாக வந்தன. அவை வெறும் காட்சிப் பொருளாக இல்லை, கச்சேரிகளில் வாசிக்கிறார்கள்.

அந்த வியன்னா அருங்காட்சியகத்துக்கு நேற்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பாஸ்போர்ட் விஷயம்கூட எழுதவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறேன்: பழைய ஃபோர்ட்டேபியானோக்களை அச்சு அசலாக இன்றும் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒன்றை வாங்கி ஒரு மூலையில் போடுங்கள், பிள்ளைகள் அந்த நெம்புகோலை முட்டியால் தள்ளிப் பார்க்கட்டும்.