பேப்பர் போட்ட பிறகுதான் ஷரத்தைக் காட்டுவீர்களா?

ஆஃபர் லெட்டர் என்று ரெண்டு பக்கத்தில் ஒரு பிடிஎஃப் வரும். சம்பளம், பதவி, சேர வேண்டிய தேதி, அவ்வளவுதான். அதை நம்பிப் பழைய கம்பெனியில் பேப்பர் போட்டு, நோட்டீஸ் காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டுப் புது ஆபீஸில் போய் உட்கார்ந்தால், ஜாயினிங் அன்றைக்கு லேப்டாப் பையோடு சேர்த்து ஒரு தடி அப்பாயின்ட்மென்ட் லெட்டரை நீட்டுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டுமாம். திரும்பிப் போக வேலை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அந்தக் காகிதம் வெளியே வருகிறது!

உள்ளே இருப்பதைப் பாருங்கள். வேலையை விட்டபின் ஒரு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது. யார் போட்டி என்று பட்டியல் கிடையாது, "இதே போன்ற தொழிலில் உள்ள எவரும்" என்று போட்டிருக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் ஐடி கம்பெனிகள் நிறைந்த சென்னை ஓஎம்ஆரில் சிறுசேரி வரைக்கும் எந்த வாசலிலும் நான் கால் வைக்க முடியாது. நான் விலகினால் 90 நாள் நோட்டீஸ், அவர்கள் அனுப்பினால் 30 நாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டரில் எழுதுகிற புரோகிராமும் கம்பெனி சொத்து. ரெண்டு வருடத்துக்குள் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டணும், பயிற்சி என்பது நாலு ஆன்லைன் வீடியோ.

கேட்டால் ஹெச்ஆர் சொல்கிறார், "இது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் சார், எல்லாரும் போட்டுட்டாங்க." சரி, லீகல் டீமிடம் நானே பேசட்டுமா என்றால் ஒரு சிரிப்பு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் யாரும் சீரியஸா எடுக்க மாட்டாங்க சார்." சீரியஸ் இல்லாத வரி என்றால் பேனாவால் அடித்துவிட வேண்டியதுதானே?

உடனே நண்பர்கள் வருவார்கள், "அது கோர்ட்டில் நிக்காதுடா, போட்டுட்டுப் போ" என்று. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, வேலையை விட்டவரை இப்படிக் கட்டிப்போடுவது பொதுவாக நிற்பதில்லை, அது வரைக்கும் உண்மைதான். ஆனால் கோர்ட்டுக்குப் போவது யார், நீங்களா? நீங்கள் விலகும்போது கம்பெனி ரிலீவிங் லெட்டரை இழுத்தடித்து, நீங்கள் சேரப்போகிற புதுக் கம்பெனிக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் தட்டிவிட்டாலே போதும், அங்கே ஆஃபர் ஆட்டம் கண்டுவிடும். அதுவும் பாண்ட், அதாவது இத்தனை வருடத்துக்குள் போனால் பணம் கட்டணும் என்கிற ஷரத்து, அதன் கதையே வேறு. விஜயா வங்கி வழக்கில் சேர்ந்து மூன்று வருடம் முடிவதற்குள் விலகுபவர் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஷரத்து செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது அரசு வங்கி, போட்டித் தேர்வு வைத்து ஆளெடுக்கிற செலவையெல்லாம் கணக்கில் எடுத்தார்கள், நம்ம நாலு வீடியோவுக்கு அது பொருந்துமா என்பது தனிக்கதை. எதுவுமே செல்லாது என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்.

நான் கேட்டது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே நோட்டீஸ், போட்டி நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல், என் சொந்த வேலைக்கு ஒரு விலக்கு. கிடைத்தது, பாண்ட் தொகை மாதாமாதம் குறையும் என்று ஒரே ஒரு வரி. அதற்கும் நன்றி சொல்லி மெயில் போடணுமாம்!

அடுத்து எந்த ரெக்ரூட்டர் கூப்பிட்டாலும், சம்பளம் பேசும் முன் முழு அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் அனுப்பு என்றுதான் சொல்லப்போகிறேன். அப்படி அனுப்புவது எங்கள் பாலிசி இல்லை என்று சொன்னால், அவர்களுடைய அர்ஜென்ட் ரிக்வயர்மென்ட் அர்ஜென்டாகவே கிடக்கட்டும்.