கல்லீரல் நோயாளிகள் எப்போது காத்திருக்கக் கூடாது?
கொரோனா காலத்தில் கல்லீரல் நோயாளிகள் மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்று ஒரு கட்டுரை சொன்னது. வழக்கமான பரிசோதனை என்றால் சரி, டாக்டரிடம் போனிலேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் ரத்த வாந்தி, கருப்பாக மலம், திடீர்க் குழப்பம் என்றால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. இதை அந்தக் கட்டுரை எழுதாமல் விட்டது பெரிய குறை. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்க்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பிக் கல்லீரலே செயலிழக்கலாம். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கொடுக்கும்போதும் அந்த வைரஸ் கிளம்பலாம், அதனால் ஹெபடைடிஸ் பி பரிசோதனையின் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அப்புறம் காய்ச்சல் மாத்திரை. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) இருந்தால் பாராசிட்டமாலே ஆகாது என்று பயந்து ஐப்யூப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைப் போடுகிறவர்கள் உண்டு. அதுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் தூண்டும். பாராசிட்டமாலை, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாளைக்கு 2 கிராமுக்குள் எடுத்துக்கொள்ளலாம்.