பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் நண்பர்களுக்கு

"ஆயுர்வேதம்தானே, பக்க விளைவே கிடையாது, இங்கிலீஷ் மருந்தை நிறுத்திடுங்க" என்று யாராவது உங்களிடம் சொன்னால், சர்ப்பகந்தாவைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

அந்தச் செடியின் வேர் ரத்த அழுத்தத்தை நிஜமாகவே குறைக்கும். கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே இதை எழுதிவிட்டார்கள். 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், தன் நோயாளிகளிடம் கண்டதை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்ற இதழில் வெளியிட்டதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்தது. பிறகு பல வருஷம் பல நாட்டு டாக்டர்களும் பிரஷருக்கு அதை எழுதிக் கொடுத்தார்கள். ஆயுர்வேதம் என்றதும் சிரிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே ரிசர்பின் மூக்கை அடைக்கும், நாடித்துடிப்பை மந்தமாக்கும், அளவு கூடினால் சிலரை மனச்சோர்வில் தள்ளும். வேரிலிருந்து வந்ததால் அது சாதுவாகிவிடவில்லை. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் யாரிடமும் சொல்லாமல் இதையும் சேர்த்துக்கொண்டால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி, எழுந்து நிற்கும்போதே தலைசுற்றி விழலாம்.

அதிமதுரம் இதற்கு நேர் எதிர். உடம்பில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிரஷரை ஏற்றும். என் பெரியம்மா எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும், அவருக்கும் கொடுத்தது. இருமலுக்கு தினமும் அதிமதுரக் கஷாயம் குடித்தார். பிரஷர் இறங்கவே இல்லை. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார், இருமலும் கூடியது, கஷாயமும் கூடியது. கஷாயம் பற்றி டாக்டர் கேட்கவில்லை, மாத்திரை பற்றி வைத்தியர் கேட்கவில்லை. கடைசியில் வேறொரு டாக்டர் "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று விசாரித்து, மாத்திரையையும் மாற்றி, கஷாயத்தையும் நிறுத்தச் சொன்ன பிறகுதான் எல்லாம் அடங்கியது.

ஆயுர்வேதத்தில் எனக்குப் பெரிய மரியாதை பத்தியத்தின் மேல்தான். "உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்து அப்பளமும் கருவாடும் சாப்பிடுகிற மனிதர், வைத்தியர் பத்தியம் என்று சொல்லிவிட்டால் ஊறுகாய் ஜாடியைத் தொடுவதில்லை. உப்பு குறைந்தால் பிரஷர் குறையும், அதில் சந்தேகமே வேண்டாம். (இந்துப்பும் சோடியம்தான். அதை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள்.) நல்ல வைத்தியர் உட்காரவைத்து, தூக்கத்தையும் கவலையையும்கூட விசாரிக்கிறார். அவசரத்தில் ஓடும் ஓ.பி.யில் இது கிடைப்பதில்லை.

ஆனால் "பிரஷரை நிரந்தரமாகக் குணமாக்குகிறோம்" என்று போனில் வருகிற விளம்பரங்களைப் பார்த்தால் பதறுகிறது. இப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அட்டெனோலால், குளோனிடின் மாதிரி மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும், நெஞ்சுவலியும் வரலாம். பிரஷர் ஏறியிருப்பது பலருக்கு உடம்பில் தெரியவே தெரியாது. "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்பதை நம்பி எதையும் நிறுத்தாதீர்கள்.

ஆயுர்வேதம் பார்க்க விரும்பினால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் முறையாகப் படித்துப் பதிவு செய்த வைத்தியரிடம். சேர்மானம் அச்சிடாத பொட்டலப் பொடி வேண்டாம். போகும்போது மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் கொடுக்கிற மருந்தின் பெயரை உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள். வீட்டில் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எண்கள் தொடர்ந்து நன்றாக இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள், பல பேருக்குக் குறைத்துத் தருகிறார்கள்.