மோனேவ ஆர்க்டிக்குக்கு கூட்டிட்டுப் போறதுன்னா அரோராவ ஒட்டி விடுறது இல்ல

கொஞ்ச நாளா டைம்லைன்ல ஒரே மாதிரி படமா வந்துட்டே இருக்கு. ஏதாவது ஒரு இம்ப்ரெஷனிஸ்ட் நிலக்காட்சிய (வெளிச்சத்த துண்டு துண்டு ஸ்ட்ரோக்கா புடிக்கிற ஸ்டைல்) எடுத்துக்கிட்டு அத "சர்ரியல் ஆர்க்டிக் ஃபேன்டஸி"யா, அதாவது கனவு மாதிரி ஒரு வடதுருவக் காட்சியா மாத்துறாங்களாம். எதத் திறந்தாலும் அதே சரக்குதான், பச்சையா ஒரு அரோரா (அதான், வானத்துல ஆடுற துருவ ஒளி), கண்ணாடிக் கோட்டை, மின்னுற பனிக்கரடி, ஓரத்துல ஒரு பென்குயின் (பென்குயின் ஆர்க்டிக்லயே கிடையாது சாமி, அது தெக்குக் கோடி ஆளு). அழகா இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா பாத்த பத்தாவது செகண்ட் மறந்து போகுது. ஏஐல பண்ணாங்களா கையால பண்ணாங்களாங்கறது என் பிரச்சனையே இல்ல. மூலப் படத்த யாருமே உக்காந்து பாக்கல, அதான் என் பிரச்சனை.

இதச் சொல்ற எனக்கு ஒண்ணும் பெரிய யோக்கியதை இல்ல, நானும் அதே தப்பப் பண்ணவன்தான். பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் மோனே 1899ல பிரான்ஸ்ல ஜிவெர்னிங்கற ஊர்ல இருந்த தன் தோட்டத்துல, தன் அல்லிக் குளத்து மேல இருந்த ஜப்பானியப் பாலத்த திரும்பத் திரும்ப வரைஞ்சாரே, அதுல ஒண்ண டேப்லெட்ல போட்டு மேல நீலமா ஒரு லேயர், அதுக்கு மேல அரோரா லேயர், பாலத்துல நாலு பனி ஊசி தொங்கவிட்டேன். முடிச்சுட்டு பாத்தா வாழ்த்து அட்டை மாதிரி இருக்கு. எங்க தப்புன்னு ரெண்டு நாள் புரியல. அப்புறம் மூலப் படத்தயும் என்னோடதயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் மண்டையில உறைச்சுது, அந்தப் பாலப் படங்கள்ல வானம்னு ஒண்ணு கிட்டத்தட்ட கிடையவே கிடையாது! பின்னாடி முழுக்க இலையா அடைச்சு வச்சிருப்பாரு. வெளிச்சம் கீழ தண்ணியில இருந்துதான் நமக்கு வருது. இல்லாத வானத்த நானா திறந்துவிட்டு அதுல அரோராவத் தொங்கவிட்டா படத்தோட உயிர் அங்கயே போயிடுச்சு.

இன்னொண்ணு, மோனேவுக்கு பனி புதுசு இல்ல. பனிக்காட்சி மட்டுமே நூறுக்கு மேல வரைஞ்சிருக்காரு மனுஷன். 1868-69 குளிர்காலத்துல வரைஞ்ச மேக்பை பறவைப் படத்த நெட்ல பெருசா எடுத்துப் பாருங்க, ஒரு வேலி, ஒரு படல், அது மேல ஒரு கருப்பு வெள்ளைக் குருவி, அவ்ளோதான். ஆனா வேலியோட நிழல் பனியில விழுந்திருக்கு பாருங்க, அது கருப்பும் இல்ல சாம்பலும் இல்ல, நீலம். நேர் வெயில் படாத எடத்துல வானத்தோட நீலம்தான வந்து விழும், அவரு கண்ணு பாத்தத அப்படியே வச்சாரு. 1869ல பாரிஸ் சலோன், அந்தக் காலத்துப் பெரிய ஓவியக் கண்காட்சி, அந்தப் படத்த வேணாம்னு திருப்பி அனுப்பிச்சுது. இன்னிக்கு பாரிஸ்ல ஓர்சே மியூசியத்துல அது முன்னாடி கூட்டம் நிக்குது.

1880 ஜனவரியில பிரான்ஸ்ல வெத்தேய் ஊர்ல உறைஞ்சு கெடந்த சேன் ஆறு உடைஞ்சு பனிப்பாளமா மிதந்து போனப்ப அதயும் விடல, வரிசையா வரைஞ்சு தள்ளுனாரு. அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான் மனைவி கமீல் இறந்து போயிருந்தாங்க, அந்தப் படங்கள அத நெனைக்காம என்னால பாக்க முடியறதில்ல. 1895ல நார்வே, ஓஸ்லோ பக்கத்துல சான்விகா. 54 வயசுல பனிக்குள்ள நின்னு ஒரே மலைய, கோல்ஸோஸ் மலைய, திருப்பித் திருப்பி வரைஞ்சாரு. ஆர்க்டிக் வட்டத்துக்கு அங்கருந்து இன்னும் ஆறு டிகிரிக்கு மேல வடக்க போகணும், போகல. அப்ப "மோனே இன்னும் வடக்க போயிருந்தா என்ன பாத்திருப்பாரு"ன்னு கேக்குறது நியாயமான கேள்வி. "மோனே படத்துல பனிக்கரடி இருந்தா எப்டி இருக்கும்"ங்கறது கேள்வியே இல்ல, ஸ்டிக்கர்.

நேர்ல போகலன்னாலும் பரவால்ல, அத நான் குத்தமா சொல்லல. ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் 1823-24ல வரைஞ்ச பனிக்கடல் படத்துல பாளம் பாளமா பனி குத்திக்கிட்டு நிக்கும், ஒரு கப்பல் நொறுங்கி அதுக்குள்ள மாட்டிக்கெடக்கும், அவரு ஆர்க்டிக்க கண்ணால பாத்ததே இல்ல. டிரெஸ்டன் பக்கம் எல்ப ஆத்துல மிதந்த பனிக்கட்டிய பாத்து ஸ்டடி போட்டு வச்சிருந்தாரு, அத மலையாக்கிட்டாரு. உக்காந்து ஒரு பனிக்கட்டியயாவது ஒழுங்கா பாத்திருக்கணும், அவ்வளவுதான்.

அப்புறம் ஆர்க்டிக்குக்கு நாம ஃபேன்டஸி சேக்கணுமான்னே எனக்கு சந்தேகம். 1597 ஜனவரியில ரஷ்யாவுக்கு வடக்க நோவாயா செம்ல்யா தீவுல மாட்டிக்கிட்ட டச்சு மாலுமி பேரன்ட்ஸோட குழு, சூரியன் வர வேண்டிய நாளுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அதப் பாத்துட்டாங்க, குளிர்ந்த காத்து அடுக்குல வெளிச்சம் வளைஞ்சு வந்த வேலை. சூரியனுக்கு ரெண்டு பக்கமும் போலிச் சூரியன் தெரியும். பனியில வளர்ற ஒரு பாசியால மலைச்சரிவே சிவப்பா மாறும், 1818ல ஜான் ராஸ் கப்பல்ல போறப்ப கிரீன்லாந்து கரையில அதப் பாத்து அசந்து போனாரு. நார்வால் திமிங்கிலத்தோட கொம்புன்னு நாம சொல்றது பல்லு, மேலுதட்டத் துளைச்சுக்கிட்டு வெளிய வருது! இவ்வளவும் நெஜம். இதுக்கு மேல கண்ணாடிக் கோட்டை எதுக்குங்க?

அதனால இப்ப எனக்குன்னு ஒரு கணக்கு வச்சிருக்கேன். ஒரு படத்துக்கு ஒரு பொய்தான். மத்தது எல்லாம், வெளிச்சம், நிழல், பனியோட நெறம், எல்லாம் உண்மையா இருக்கணும், அப்பதான் அந்த ஒத்தப் பொய் உள்ள போய் உக்காரும். பத்து பொய் சொன்னா எதுவும் ஏறாது. சர்ரியல் ஓவியர் மக்ரிட்கூட 1943ல இருந்து ஒரு நாலு வருஷம் இம்ப்ரெஷனிஸ்ட் ரெனுவார் மாதிரி வெயில் பூசி சர்ரியல் படம் வரைஞ்சு பாத்தாரு, கூட இருந்தவங்களே மூஞ்சி சுளிச்சாங்க. எனக்கும் அதுல பாதி பிடிக்கல, அவரோட சாதாரணப் படத்துல எல்லாமே போட்டோ மாதிரி அமைதியா இருக்கும், ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பா இருக்கும், அந்த அமைதி இந்தப் பளபளப்புல காணாம போச்சு.

சரி, என் பாலத்துக்கு வரேன். அல்லி இலைக்கு பதிலா என்னன்னு தேடுனப்ப கெடச்சது பான்கேக் ஐஸ். கடல் உறைய ஆரம்பிக்கறப்ப அலை ஆட்டத்துல பனிக்கூழ் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு இடிச்சு வட்டத் தட்டா ஆகும், ஒரு அடியில இருந்து பத்து அடி வரைக்கும் அகலம், இடிபட்டதால விளிம்பு மட்டும் மேல மடிஞ்சிருக்கும். அந்த மடிஞ்ச விளிம்ப போட்டோல பாத்ததும் சிரிச்சுட்டேன், அப்படியே அல்லி இலை. ஆனா குளத்துல இது வராது, அலை வேணும். அதனால குளத்தத் தூக்கிட்டு நிலத்துக்குள்ள நீண்டு வர்ற சின்னக் கடலா மாத்துனேன். அலை இருந்தா பிம்பம் உடைஞ்சுதான் தெரியும், உடைஞ்ச பிம்பத்துக்குத்தான அந்த துண்டு துண்டு ஸ்ட்ரோக்கே இருக்கு, தானா வந்து பொருந்திடுச்சு.

நேரம் துருவ இரவோட மத்தியானம். துருவ இரவுன்னா கும்மிருட்டுன்னு நெனைக்காதீங்க, வட நார்வேல டிராம்சோ மாதிரி ஊர்ல நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி பாதி வரைக்கும் சூரியன் எட்டிப் பாக்காது, ஆனா நடுப்பகல்ல சில மணி நேரம் நீலமா ஒரு வெளிச்சம் இருக்கும், தெக்கால அடிவானத்துல லேசா ரோஸ். வெயிலே இல்லாததால எதுக்கும் தனியா நிழல் கிடையாது. அந்த மேக்பை படத்துல வேலிக்குக் கீழ மட்டும் இருந்த நீலம் இங்க ஊர் முழுக்க. இத யோசிச்சப்ப ஒரு நிமிஷம் கைய எடுத்துட்டு சும்மா உக்காந்துட்டேன்.

வெள்ளைய வெள்ளையா எங்கயும் வைக்கல. தட்டோட மேல்பக்கம் கோபால்ட் நீலத்துல துளி ஊதா, மடிஞ்ச விளிம்புல தெக்க பாத்த பக்கம் மட்டும் ஒரு ரோஸ் கோடு, அதுவும் ஒரே இழுப்பு, ரெண்டாவது தடவ தொட்டா சேறாயிடும். தட்டெல்லாம் படுக்கைவாட்டு ஸ்ட்ரோக், நடுவுல தண்ணி மட்டும் செங்குத்தா இழுத்தது, இது மோனேகிட்ட சுட்டது, அல்லிக் குளத்துல அவரு இலைய படுக்க வைப்பாரு, பிம்பத்த நிக்க வைப்பாரு.

பொய் எங்கன்னா, அந்தத் தண்ணியில. மேல மரமே கிடையாது, பாலம், பனி, அவ்ளோதான். ஆனா தட்டுகளுக்கு நடுவுல தெரியுற பிம்பத்துல ஜூன் மாசத்து ஜிவெர்னி இருக்கு, பச்சையா வில்லோ மரம் தொங்குது. அரோரா லேயர சுத்தமா அழிச்சுட்டேன்.

நேத்து தங்கச்சிக்கு அனுப்பிச்சேன். "தண்ணியில அரோரா ரிஃப்ளெக்‌ஷன் செமயா வந்திருக்குடா அண்ணா"ன்னு வாய்ஸ் நோட். நான் ஒண்ணும் சொல்லல. பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு மெசேஜ், ஜூம் பண்ணி எடுத்த ஸ்க்ரீன்ஷாட், கீழ ஒரே வார்த்தை.

"இலையா?"