பாட்டுல அரசியல் வேண்டாங்கறவங்களுக்கு

"பாட்டுக்காரன் பாடுனாப் போதும், அரசியல் எதுக்குங்க"ன்னு கேக்கற ஆளுங்க நம்ம பக்கம் ஏகப்பட்ட பேரு. 2020ல ஜார்ஜ் ஃபிளாய்ட்ங்கற கறுப்பினத்தவர் அமெரிக்கப் போலீஸ் கையில செத்தப்ப அமெரிக்க ராப் பாட்டா ஸ்டேட்டஸ் வச்சு உருகுனதும் இவங்கதான். அங்க பாடுனா புரட்சி, 2018ல சென்னைல ஜாதிய எதுத்துப் பாடற கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற பாட்டுக்குழு மேடை ஏறுனா மட்டும் "சும்மா இருக்கறவங்களத் தூண்டி உடறாங்க"ளாமா.

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி பில்லி ஹாலிடே கதையக் கொஞ்சம் கேளுங்க. 1939, நியூயார்க்ல கஃபே சொசைட்டின்னு ஒரு கிளப். கறுப்பின மக்களக் கொன்னு மரத்துல தொங்கவுட்டதப் பத்தி 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'டுன்னு ஒரு பாட்டு, எழுதுனது ஏபெல் மீரோபோல்னு ஒரு யூத வாத்தியார். அந்தப் பாட்டு வந்தா சப்ளையர் எல்லாம் அப்படியே நின்னுருவாங்க, லைட்டெல்லாம் அணைச்சு அந்தம்மா மூஞ்சில மட்டும் ஒரே ஒரு வெளிச்சம், பாடி முடிச்சுட்டுப் போனா கைதட்டுக்குக்கூடத் திரும்பி வர மாட்டாங்க. அவங்க ரெக்கார்டு கம்பெனி கொலம்பியா, தெக்கத்தி மாநிலங்கள்ல யாவாரம் கெட்டுரும்னு பதிவு பண்ண முடியாதுன்னுருச்சு, கடைசில கமடோர்ங்கற சின்னக் கம்பெனிலதான் அது வந்துச்சு. பால் ரோப்சன்னு இன்னொரு கறுப்பினப் பாடகர், அரசியல் பேசுனாருன்னு 1950ல அவரு பாஸ்போர்ட்டவே அமெரிக்க அரசு ரத்து பண்ணிருச்சு, திரும்பக் கெடைச்சது 1958லதான். உலகமெல்லாம் கச்சேரி பண்ற மனுசனுக்கு எட்டு வருசம்!

சரி, நம்மூருக்கு வருவோம். மாரியம்மன் நோம்பில தப்பட்டை இல்லாம கம்பத்தச் சுத்தி ஒரு அடி எடுத்து வைக்க முடியுங்களா? தோலத் தீயில காட்டி, வெரல்ல சுண்டிப் பாத்து, சத்தம் பத்தலைன்னு மறுக்கா காட்டி, விடிய விடிய அடிக்கறாங்களே, அவங்க கோயிலுக்குள்ள வரலாமான்னு கேளுங்க, பல ஊர்ல பதில் வராது. அதே நோம்பில ஆளுசரத்துக்கு பாக்ஸ் கட்டி ஆண்ட பரம்பரைன்னு ஜாதிப்பாட்டு காது கிழியப் போடறாங்களே, அது என்னங்க, பக்திப்பாட்டா? அப்ப ஒருத்தராவது அரசியல் வேண்டாம்னு ஆம்ப்ளிஃபையர ஆஃப் பண்ணி நான் பாத்ததில்ல, போலீஸ் வந்து சொன்னாத்தான் உண்டு.

2016ல உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ஜாதி மாறிக் கட்டுன பையன பட்டப்பகல்ல வெட்டுனாங்க, அந்த வீடியோவ நாடே பாத்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஆர்கெஸ்ட்ராக்காரங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. புக்கிங் போயிரும்னு பயம், சோறு போடறது நோம்பிதானே, அவங்களக் கொறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா துணிஞ்சு பாடுன நாலு பேரப் பாத்து "உனக்கெதுக்கு இந்த வேலை"ன்னு சோபால உக்காந்து டைப் பண்றாங்க பாருங்க, அவங்கள என்னத்தச் சொல்ல. கமெண்ட்ல வாங்க, தாராளமாப் பேசலாம், ஜாதியச் சொல்லித் திட்டுனா பிளாக்தான்.